அப்பா அம்மாவை வீல்சேரில் ரெட்வுட் காட்டுக்கு அழைத்துப் போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேலை பார்க்கும் நம்மில் பலர் ஊரிலிருந்து அப்பா அம்மாவை ஆறு மாதத்துக்கு அழைத்து வருகிறோம். கோல்டன் கேட் பாலமும் லிவர்மோர் கோயிலும் முதல் மாதத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் வானளாவிய ரெட்வுட் மரங்கள் நிற்கும் காடு என்று பேச்சு எழும்போது மூட்டுவலிக்காரர் சொல்வார்: “நீங்க போயிட்டு வாங்க, நான் கார்லயே உட்கார்ந்திருக்கேன்.” என் அம்மாவும் அதைத்தான் சொன்னார். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர், ஐம்பதடி நடந்தால் உட்கார இடம் தேடுவார். இன்றைக்கு அவருக்கு இந்தப் பக்கத்துக் காடுகளில் ஐந்து தெரியும். என்னிடம் நண்பர்கள் வாட்ஸப்பில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

காட்டுக்குள் வீல்சேர் நிஜமாகவே போகுமா?

போகும். எல்லாப் பாதையிலும் போகாது. ஆனால் ரெட்வுட் விஷயத்தில் நமக்கு இரண்டு அதிர்ஷ்டம்.

முதலாவது, பெரிய மரங்கள் மலை உச்சியில் இல்லை. ஓடைக்கரையில், வண்டல் படிந்த சமதரையில்தான் நன்றாக வளர்ந்து நிற்கின்றன. மலையேறிப் போனால்தான் பார்க்கலாம் என்கிற சங்கடம் இல்லை. இரண்டாவது, இந்த மரத்தின் வேர். முந்நூறு அடி உயரம் போகிற மரத்துக்கு வேர் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் ஆழம் போவதில்லை. பக்கவாட்டில்தான் நூறு அடி வரை பரவும். ஆயிரக்கணக்கான பேர் மிதித்து மண் இறுகினால் மரத்துக்குக் கேடு. அதனால்தான் முயர் வுட்ஸ் (சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள ரெட்வுட் காடு) போன்ற இடங்களில் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். வேரைக் காக்கப் போட்ட பலகையில் நம் வீல்சேரும் உருண்டு போகிறது.

ஒரு விஷயம்: ரெட்வுட்டைச் செம்மரம் என்று சொல்லி வைக்காதீர்கள். என் சித்தப்பா “ஆந்திராவிலிருந்து கடத்துவாங்களே, அதுவா?” என்று கேட்டுவிட்டார். அது வேறு மரம், வேறு குடும்பம்.

“ஆக்சசிபிள்” (வீல்சேர் போகும்) என்று போட்டிருந்தால் நம்பிப் போகலாமா?

அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள். “ஈஸி” என்பதை அதைவிடவும் நம்பாதீர்கள். நடைப்பயணச் செயலிகளில் “ஈஸி” என்று எழுதுகிறவர் இருபத்தைந்து வயது, நல்ல முழங்கால் உள்ளவர். முதல் வருடம் அப்படி ஒரு பாதைக்குப் போனேன். ஒரு மைல், ஈஸி, குழந்தை வண்டி போகும் என்று போட்டிருந்தது. இருநூறு மீட்டரில் பாதைக்குக் குறுக்கே முழங்கை தடிமனில் ஒரு வேர். அதைத் தூக்கிக் கடந்தோம். அடுத்த திருப்பத்தில் நான்கு படி. அம்மா அங்கேயே இருந்துவிட்டார், நாங்கள் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்து வந்தோம். திரும்பி வரும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு அளவுகளைத்தான் கேட்கிறேன். அமெரிக்க அரசின் அணுகல் வாரியம் காட்டுப் பாதைகளுக்கு 2013இல் வெளியிட்ட விதிமுறையில் எல்லாம் இருக்கிறது. பாதை குறைந்தது 36 அங்குல அகலம் வேண்டும். ஏற்றம் 1:20 வரை, அதாவது இருபதடி போனால் ஓரடி உயர்வது வரை, எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இருக்கலாம். 1:12 என்றால் ஒரு மூச்சில் 200 அடிக்கு மேல் கூடாது. 1:10 என்றால் 30 அடி, 1:8 என்றால் வெறும் 10 அடி. அப்புறம் ஒரு சமதள ஓய்விடம் வர வேண்டும். தரை அழுந்தாமலும் நகராமலும் இருக்க வேண்டும். தார்தான் வேண்டும் என்று இல்லை, நன்றாகக் கெட்டித்த மண்ணும் போதும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: மிகச் செங்குத்தான இடம் எவ்வளவு, தரை என்ன, நடுவில் படி உண்டா. ரேஞ்சர்கள், அதாவது பூங்காக் காவலர்கள், பொறுமையாகச் சொல்வார்கள்.

யாரும் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று உண்டு: பக்கவாட்டுச் சரிவு. மழைநீர் வடியப் பாதையை ஒரு பக்கம் சாய்த்திருப்பார்கள். நடக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. வீல்சேரோ பள்ளத்துப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும், தள்ளுகிறவரின் ஒரு தோள் மட்டும் கழன்று விழும். தார்ப்பாதைக்கும் பலகைப் பாதைக்கும் விதி 1:48. மண்பாதைக்கு 1:20 வரை விட்டிருக்கிறார்கள். மண்பாதையில் தள்ளிவிட்டு வந்த மறுநாள் அந்த வித்தியாசத்தைத் தோள் சொல்லும்.

முதல்முறை எங்கே போகலாம்?

ஹென்றி கோவெல். சாண்டா குரூஸ் பக்கம் ஃபெல்டன் ஊரில் இருக்கும் மாநிலப் பூங்கா. சான் ஹோசேயிலிருந்து 17ஆம் நெடுஞ்சாலை வழியாகப் போகலாம். வளைவுகள் உண்டு, வாந்தி வருகிறவருக்கு மாத்திரை கொடுத்துவிடுங்கள்.

அங்கே ரெட்வுட் குரோவ் சுற்றுப்பாதை 0.8 மைல், நம் கணக்கில் 1.3 கிலோமீட்டர். முழுக்கச் சமதளம், கெட்டித்த மண். கார் நிறுத்தும் இடத்திலிருந்து பாதை தொடங்கும் இடம் பக்கத்திலேயே. கழிப்பறையும் அங்கேதான். வாகனத்துக்குப் பத்து டாலர் கட்டணம். அங்கே உள்ளதில் உயரமான மரம் ஏறக்குறைய 277 அடி.

பாதையில் மூன்று இடத்தில் நின்று பாருங்கள். ஃப்ரீமாண்ட் மரம் என்று ஒன்று, அடியில் தீயால் குடைந்துபோய் ஓர் அறையாகவே ஆகிவிட்டது. 1846இல் ஃப்ரீமாண்ட் என்ற படைத் தலைவர் அதற்குள் தங்கினார் என்பது கதை. நம் ஃப்ரீமாண்ட் ஊருக்குப் பெயர் கொடுத்தவரும் அவர்தான், “நம்ம ஊர்க்காரர்” என்று சொன்னால் பெரியவர்களுக்குச் சுவாரசியம் வரும். அடுத்தது, வெள்ளை ரெட்வுட். பச்சையம் இல்லாமல் வெளுத்த இலையோடு தாய்மரத்தின் வேரிலிருந்தே உணவை வாங்கிக்கொண்டு உயிர் வாழும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “முப்பது வயசாகியும் வேலைக்குப் போகாத பிள்ளை மாதிரி” என்றார். மூன்றாவது தரையில்: வாழைப்பழ நத்தை. ஓடில்லாத நத்தை, பழுத்த பூவன் பழ நிறம், விரல் நீளம். நடக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். வீல்சேரில் தாழ்வாக உட்கார்ந்திருந்த அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார்.

முயர் வுட்ஸ் நன்றாக இருக்குமாமே?

இருக்கும். பாதை என்று பார்த்தால் இந்தப் பகுதியிலேயே மிக வழவழப்பானது அதுதான், பலகையும் தாரும். ஆனால் போய்ச் சேர்வதுதான் பாடு.

2018 ஜனவரியிலிருந்து கார் நிறுத்த முன்பதிவு கட்டாயம். மாற்றுத்திறனாளி அட்டை உள்ள வாகனத்துக்கும் அதேதான், பதிவு செய்யும்போது அந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு நுழைவுக் கட்டணம் 15 டாலர், அது தனி. பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னல் கிடையாது. முன்பதிவு ரசீதை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று போனை வானத்துக்குத் தூக்கிக் காட்டுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

உள்ளே ஓடையின் இரு பக்கமும் பாதை, குறுக்கே எண் போட்ட பாலங்கள். இரண்டாம் பாலம் வரை போய்த் திரும்பினால் அரை மைல், மூன்றாம் பாலம் வரை போனால் ஒரு மைல். மூன்றோடு திரும்பிவிடுங்கள். நான்காம் பாலம் வழியாக வரும் சுற்றில் திரும்பும் வழி மலைச்சரிவுப் பாதை, குறுகல், படிகளும் உண்டு.

கதீட்ரல் குரோவ் என்ற தோப்பில் சத்தம் போடக்கூடாது என்று பலகை இருக்கும். 1945இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தை எழுத சான் பிரான்சிஸ்கோவில் கூடிய பிரதிநிதிகள், மே 19 அன்று இங்கே வந்து அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். அவர் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. போலியோவால் கால் செயலிழந்து, வீல்சேரில் இருந்தபடியே நாட்டை ஆண்டவர் அவர். அங்கே ஒரு நினைவுப் பட்டயம் இருக்கிறது. 1908இல் இந்தக் காட்டைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தவர் தியோடர் ரூஸ்வெல்ட், அவர் வேறு. குழப்பிக்கொண்டால் பேரப்பிள்ளைகள் திருத்துவார்கள்.

வேறு எந்த இடமெல்லாம் உண்டு?

நேரம் குறைவு என்றால் ஸ்கைலைன் சாலையில் இருக்கும் புரிசிமா கிரீக் காப்பிடம். அங்கே ரெட்வுட் டிரெயில் என்ற பாதை கால் மைல்தான். மென்மையான ஏற்ற இறக்கம், நடுவில் மேசை நாற்காலி. சாயங்காலம் வேலை முடிந்தபின் கூடப் போய் வரலாம். அதே இடத்தின் மற்றப் பாதைகள் கடுஞ்சரிவு, பெயர்ப்பலகையைப் பார்த்துத் திரும்புங்கள்.

நீளமாகப் போக ஆசை என்றால் கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே மரின் பக்கம் சாமுவேல் பி. டெய்லர் பூங்கா. அங்கே கிராஸ் மரின் டிரெயில் ஓடையை ஒட்டியே தார்ப்பாதையாகப் போகிறது. அது பழைய ரயில் தடம். ரயிலுக்குச் செங்குத்து ஆகாது, அதனால் வீல்சேருக்கும் அது சொர்க்கம். எந்த ஊரிலும் பழைய ரயில் தடத்தைப் பாதையாக்கியிருந்தால் யோசிக்காமல் போகலாம் என்பது என் அனுபவம்.

கெர்ன்வில் ஊரில் ஆர்ம்ஸ்ட்ராங் காட்டில் 310 அடி பார்சன் ஜோன்ஸ் மரம் வாசலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதிகம் தள்ள வேண்டியதில்லை, ஆனால் தெற்கு வளைகுடாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

பிக் பேசின் பற்றிக் கேட்கிறார்கள். 1902இல் தொடங்கியது, கலிபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. 2020 ஆகஸ்டு காட்டுத்தீயில் கிட்டத்தட்ட முழுவதும் எரிந்தது. 2022 ஜூலையில் ஒரு பகுதியைத் திறந்தார்கள். கரிந்த அடிமரத்திலிருந்து பச்சை மயிர் முளைத்த மாதிரி துளிர் விட்டிருக்கும் காட்சி வேறெங்கும் கிடைக்காது. பழைய கட்டடங்கள் போய்விட்டன, வசதி குறைவு. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

எந்த வீல்சேர் வாங்குவது?

ஊருக்குத் திரும்பும்போது எடுத்துப் போகலாம் என்று பலரும் வாங்குவது மடக்கும் டிரான்ஸ்போர்ட் சேர், நான்கு சக்கரமும் சின்னது. ஏர்போர்ட்டுக்கும் மாலுக்கும் அது சரி. காட்டில் அது படுத்தும். ரெட்வுட் காய் அரைநெல்லி அளவுதான் இருக்கும். அது ஒன்று முன்சக்கரத்தில் மாட்டினால் போதும், நாற்காலி அப்படியே நிற்க, உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். அம்மாவுக்கு ஒருமுறை ஆனது. கீழே விழவில்லை, மூக்குக்கண்ணாடிதான் பறந்தது.

பின்சக்கரம் பெரியதாக, 24 அங்குலம், உள்ள சாதாரண வீல்சேரே போதும். எடை கூடுதல்தான், கார் டிக்கியில் ஏற்ற இருவர் வேண்டும். வாங்க மனமில்லை என்றால் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது பிரேக்கையும் கால்தாங்கியையும் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். நான் எடுத்த ஒன்றில் இடது பிரேக் பெயருக்குத்தான் இருந்தது, அது காட்டில் போய்த்தான் தெரிந்தது.

தள்ளுவதற்கு ஏதாவது முறை உண்டா?

உண்டு, யாரும் சொல்லித் தருவதில்லை. இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி, நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, பின்னோக்கி மெதுவாக இறக்குங்கள். முன்னோக்கி இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு வருவார், மரத்தை எங்கே பார்ப்பது? சருகு குவிந்த இடத்திலும் சரளைக் கல்லிலும் தள்ளாமல் பின்னோக்கி இழுத்துப் போவது சுலபம். வேர் புடைப்பு வந்தால் பின்னால் இருக்கும் மிதிகம்பியைக் காலால் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கடக்கலாம். தூக்குவதற்கு முன் “அம்மா, தூக்குறேன்” என்று சொல்லிவிட்டுத் தூக்குங்கள். சொல்லாமல் செய்தால் அடுத்த வாரம் வரமாட்டார்.

புடவை கட்டியிருந்தால் முந்தானையை முன்பக்கம் எடுத்து மடியில் செருகச் சொல்லுங்கள். சால்வை நுனியும் அப்படியே. சக்கரக் கம்பியில் சுற்றினால் புடவை மட்டும் கிழிவதோடு போகாது.

அம்மா வீல்சேரில் உட்கார மாட்டேன் என்கிறாரே?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. வேடிக்கை என்னவென்றால், சென்னையில் விமானம் ஏறும்போது அதே அம்மா வீல்சேர் கேட்டு வாங்கி, இமிக்ரேஷன் வரிசையைத் தாண்டி ராணி மாதிரி வந்திருப்பார். அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை. இங்கே மருமகள், சம்பந்தி, பேரப்பிள்ளைகள் முன்னால் என்பதுதான் கூச்சம்.

வற்புறுத்தினால் வேலைக்காகாது. நான் செய்தது: “நீங்க நடங்கம்மா, இது சும்மா பை வைக்க” என்று காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போனேன். பைகளை வைத்தோம். நூறு மீட்டரில் “கொஞ்சம் உட்காரட்டுமா” என்றார். பையை எடுத்துவிட்டோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் அது உதவும். கால் நன்றாக இருக்கும் நாளில் முதல் பாதியைத் தானே தள்ளிக்கொண்டு நடப்பார், திரும்பும்போது அதிலேயே உட்காருவார். கூட்டம் குறைந்த வார நாளில் முதல்முறை அழைத்துப் போங்கள். கேட்கக் கூடாத கேள்வி கேட்கிற உறவினர்களை அன்றைக்கு விட்டுவிட்டுப் போங்கள்.

கார் நிறுத்த மாற்றுத்திறனாளி அட்டை எப்படி வாங்குவது?

நிரந்தர அட்டை நீலம், தற்காலிக அட்டை சிவப்பு. தற்காலிக அட்டை அதிகபட்சம் 180 நாள் செல்லும். டிஎம்வி எனப்படும் மோட்டார் வாகனத் துறையின் ஆர்இஜி 195 படிவத்தில் மருத்துவர் சான்று எழுதித் தர வேண்டும். அட்டை காருக்கு அல்ல, ஆளுக்கு. அம்மா வீட்டில் தூங்கும்போது அதைத் தொங்கவிட்டுக் கடைக்குப் போவது அபராதத்துக்குரிய குற்றம். அதைவிட, அது நிஜமாகத் தேவைப்படும் இன்னொரு அம்மாவுக்குப் போகவேண்டிய இடம்.

இலவச நுழைவு அட்டை என்கிறார்களே?

தேசியப் பூங்காக்களின் ஆக்சஸ் பாஸ், நிரந்தர உடல் குறைபாடு உள்ளவருக்கு ஆயுளுக்கும் இலவசம். ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். சுற்றுலா விசாவில் வந்தவருக்கு இல்லை. முயர் வுட்ஸில் இது நுழைவுக் கட்டணத்தைத்தான் தள்ளுபடி செய்யும், கார் முன்பதிவுக்குத் தனியே கட்ட வேண்டும். மாநிலப் பூங்காக்களுக்கு வேறு அட்டை: 3.50 டாலர் ஒருமுறை கட்டினால், நிரந்தரக் குறைபாடு உள்ளவருக்குக் கட்டணத்தில் பாதி குறையும்.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

முயர் வுட்ஸ் பாதையில் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. ஹென்றி கோவெலில் தனியாகச் சாப்பாட்டு மேசைகள் இருக்கின்றன, அங்கே சாப்பிடலாம். எங்கே சாப்பிட்டாலும் ஒரு பருக்கை சிந்தக் கூடாது. கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. மார்பிள்ட் மர்லெட் என்ற கடற்பறவை, கடலிலிருந்து பறந்து வந்து இந்த முதிய மரங்களின் கிளையில் முட்டையிடும். அருகிவரும் இனம். சிந்திய சோற்றுக்குக் காக்கையும் நீல ஜே பறவையும் கூடினால், சோறு தீர்ந்ததும் மர்லெட் முட்டையைத்தான் தேடும்.

கழிப்பறை?

வாசல் பக்கம்தான் எல்லா இடத்திலும், பாதை நடுவில் எதிர்பார்க்காதீர்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அன்று எப்போது போடலாம் என்று முந்தின நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் பாதிப் பயணம் கெட்டது இதனால்தான்.

எந்த மாதம் நல்லது? என்ன உடுத்தலாம்?

கோடையில் சான் ஹோசே கொளுத்தும்போது கடலோரக் காட்டில் பனிமூட்டம். முயர் வுட்ஸில் வருடம் முழுக்க ஏறக்குறைய 4 முதல் 21 டிகிரிதான். நடக்கிறவருக்கு உடம்பு சூடாகும், உட்கார்ந்திருப்பவருக்கு ஆகாது என்பதை மறந்துவிடுகிறோம். சாக்ஸ், குல்லா, முழங்காலுக்கு மேல் போர்வை. மழை பெய்த மறுநாள் பலகை வழுக்கும், தள்ளுகிறவர் செருப்புப் போட்டு வராதீர்கள். பலத்த காற்று அடிக்கும் நாளில் போகவே வேண்டாம், மேலிருந்து கிளை முறிந்து விழும்.

விஷச் செடி இருக்குமாமே?

பாய்சன் ஓக். மூன்று மூன்று இலையாக, இலையுதிர் காலத்தில் சிவக்கும். பட்டால் நாள்கணக்கில் அரிக்கும். வீல்சேரில் தொங்கும் கை சரியாகச் செடி உயரத்தில் இருக்கும், ஓரமாகப் போகும்போது கையை மடியில் வைக்கச் சொல்லுங்கள்.

யோசெமிட்டி தேசியப் பூங்காவில் பெரிய மரம் பார்க்கலாமா?

அவை ஜயன்ட் செக்வோயா, ரெட்வுட்டின் உறவு. உயரம் குறைவு, பருமன் அதிகம். அங்கே உள்ள மாரிபோசா தோப்பைச் சீரமைத்து 2018 ஜூனில் மறுபடி திறந்தபோது வீல்சேருக்கு ஏற்ற 0.3 மைல் சுற்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரே நாளில் போய் வர நினைக்காதீர்கள். பெரியவர்களுக்கு அந்தக் கார்ப் பயணமே தாங்காது.

ஊருக்குத் திரும்ப ஒரு வாரம்தான் இருக்கிறது. ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

ஹென்றி கோவெல், செவ்வாய் அல்லது புதன், காலை பத்துக்குள். ஃப்ளாஸ்கில் காபி எடுத்துப் போங்கள், சுற்றி முடித்துச் சாப்பாட்டு மேசைக்கு வந்தபின் குடிக்கலாம். அரை மணியில் முடித்துவிடலாம் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன், அம்மாவுக்கு ஒன்றரை மணி ஆகும். முயர் வுட்ஸ் அடுத்த தடவை வரும்போது இருக்கட்டும்.